சந்திரகிரியிலிருந்து இறங்கிய ஆறாவது கல்

1995ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்றரை மணி வாக்கில், செஞ்சியில் லட்சுமியம்மாள் வீட்டுத் தோட்டத்துக்குச் சந்திரகிரி மலையிலிருந்து ஆறாவது கல் வந்து சேர்ந்தது. ஒரு கறவை மாடு படுத்திருக்கும் அளவு இருக்கும். வருவதை யாரும் பார்க்கவில்லை, வந்ததைத் தெருவே பார்த்தது. வேலிப்படல் மடங்கிக் கிடந்தது, கீரைப்பாத்தி நசுங்கியிருந்தது, மலையடிவாரம் வரைக்கும் புல் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. லட்சுமியம்மாள் குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கல்லுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் கணவர் தாண்டவராயன் வயிற்று நோயில் செத்திருந்தார். இப்போது பதினாறு வயது மகன் இளவரசனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரச் சைக்கிளில் ஆள் போனது. அதே பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்த மகள் வெண்மதியைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் சாயங்காலம் மணி அடித்ததும் வழக்கம்போல நடந்து வந்தாள்.

செஞ்சியில் கல்லுக்குப் பஞ்சமில்லை. மூன்று மலையும் யாரோ கல்லைக் கொட்டிவிட்டு எடுத்து வைக்க மறந்த மாதிரிதான் இருக்கிறது. கோட்டை பார்க்க வருகிறவர்கள் கல்லைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள், ஊர்க்காரர்கள் அதில் வறட்டி தட்டுவார்கள். ஆனால் இந்தக் குடும்பத்துக் கல் வேறு. இந்த வம்சத்தில் யார் வயிற்றில் அந்த நோய் தங்கியிருக்கிறதோ, அவர் பிறந்த நாளிலேயே மலையிலிருந்து ஒரு கல் கிளம்பிவிடும். கல்லுக்கு என்ன அவசரம்? பத்து வருஷமோ இருபது வருஷமோ எடுத்துக்கொள்ளும். அந்தக் குழந்தை எந்த வீட்டில் நடை பழகியதோ அந்த வீட்டைத் தேடி வந்து நிற்கும், அப்புறம் அசையாது. வந்துவிட்டால் சாவு நிச்சயம் என்று சொல்ல முடியாது. ஆனால் செத்துப்போனவர்கள் எல்லாருக்கும் கல் இருந்தது. முப்பாட்டனுக்கு ஒன்று, பாட்டனுக்கு ஒன்று, தாண்டவராயனுக்கு ஒன்று. தாண்டவராயனின் அண்ணன் பச்சமுத்துவுக்கு ஒன்று என்று சொல்வார்கள், ஆனால் அவர் கருவாடும் களியுமாகச் செழிப்பாக இருந்தார். மிச்சம் ஒரு கல், பெயர் வைக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்ட அவர்கள் தம்பிக்கு உரியது என்று முடிவாகியிருந்தது. யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது.

சாவதற்குமுன் கல் வியர்க்கும். தாண்டவராயன் படுத்த வருஷம் அவருடைய கல் தினமும் உச்சிப்பொழுதில், சரியாகச் சோற்று வேளைக்கு, நடுவயிற்றில் ஒரு கோடு போல நீர் விட்டது. புளித்த கஞ்சி வாசனை வீசியது. அவர் ஒரு வாய் வைத்துவிட்டு ஒதுக்கி வைத்த சோற்றை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் தோட்டத்தில் கல் நனைந்துகொண்டிருக்கும். ஏழாவது மாதம் அவர் போனார், அன்று கல் உலர்ந்தது. தாலுகா சர்வேயர் ஒருவர் ஒருமுறை மனையை அளக்க வந்து, எல்லாக் கல்லையும் சுற்றிப் பார்த்து, ‘இயற்கைப் பாறை, ஐந்து’ என்று எழுதிக்கொண்டு போனார். அது உண்மைதான்.

ஆறாவது கல் இளவரசனுடையது என்பதில் யாருக்கும் துளி சந்தேகம் இல்லை. இந்த நோய் குலதெய்வத்தைப் போலப் பங்காளிகள் வழியாகத்தான் இறங்கும் என்று அவர்கள் நம்பினார்கள். பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டால் அவளுக்கு வேறு வீடு, வேறு சாமி, வேறு படையல். இந்த வீட்டு நல்லதும் கெட்டதும் வாசற்படியோடு நின்றுவிடும். கட்டிக் கொடுத்த இடத்தில் அவள் வயிற்று வலியில் செத்தால்கூட அது அந்த வீட்டு வியாதி, அந்த வீட்டுக் கணக்கு. இதில் பொல்லாத புத்தி எதுவும் இல்லை. பெண் பிள்ளைகளாவது தப்பித்தார்களே என்ற நிம்மதிதான் இருந்தது. அந்த நிம்மதிதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அன்றிலிருந்து வீடே இளவரசனின் வயிற்றைச் சுற்றி நடந்தது. அவனுக்கு மிளகாய் கிடையாது, எண்ணெய் கிடையாது. மாட்டின் முதல் பால் அவனுக்கு, குழைந்த சோறு அவனுக்கு. அவன் கொஞ்சம் ஏப்பம் விட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அண்ணன் வயிறு ஆற வேண்டும் என்று வெண்மதியை வெள்ளிக்கிழமைதோறும் ஒருபொழுது இருக்கச் சொன்னார் லட்சுமியம்மாள். பதின்மூன்று வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரை, வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பெண் ஒரே வேளை சாப்பிட்டாள். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. ஆடியில் அண்ணனுக்காகப் பால்குடமும் எடுத்தாள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர்.

1998இல் கல்லை அப்புறப்படுத்தப் பார்த்தார்கள். பன்னிரண்டு பேர் கடப்பாரை போட்டார்கள், நகரவில்லை. திண்டிவனத்திலிருந்து வந்த கிரேனின் சங்கிலி அறுந்தது. கல்லுடைக்கிறவர் ஒருவர் அரை நாள் உளியை வைத்து அடித்துவிட்டு, கூலியே வேண்டாம் என்று போய்விட்டார். அதற்குப் பிறகு இளவரசன் அதை விட்டுவிட்டான். திருவண்ணாமலை சாலையில் வாடகைப் பாத்திரக் கடை வைத்தான். ஊரில் நடக்கிற எல்லாக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அவனுடைய அண்டாவில்தான் பிரியாணி வெந்தது, அவன் வீட்டில் கஞ்சி குடித்தான். இரண்டு இடத்தில் பெண் நிச்சயமானது. இரண்டு இடத்துக்கும் அவனே போய், தோட்டத்தில் தனக்கு ஒரு கல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தான். தெரிந்தே ஒரு பெண்ணைத் தாலி அறுக்க வைக்கக் கூடாது என்பது அவன் நியாயம். மதியம் கடையை அடைத்துவிட்டு வந்து கல்லின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவான். அன்றன்றைக்குக் கடையில் நடந்ததை அதனிடம் சொல்வான். அப்படியே இளவரசன் இளவரசனாராகி, காதோரம் நரைத்தும் போனார்.

2004இல் வெண்மதியை அனந்தபுரத்தில் விநாயகம் என்கிற சென்டரிங் மேஸ்திரிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனுஷன், கொஞ்சம் உரக்கப் பேசுவார். கல்யாணமாகி மூன்றாம் மாதம் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போய் அவளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். அண்ணன் எத்தனை நாள் இருப்பானோ, அவன் பெயரில் வீடாவது முழுதாக இருக்கட்டும் என்று அம்மா சொன்னார், அவளும் சரி என்றாள். நிலம், மனை, கிணறு, மாவடை, மரவடை, கல், புதையல் உட்பட மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியமும் கிடையாது என்று பத்திரம் எழுதுகிறவர் வாசித்துக் காட்டினார். எல்லாப் பத்திரத்திலும் வருகிற வரிதான். வெண்மதி கையெழுத்துப் போட்டாள். அன்று வெள்ளிக்கிழமை ஆனதால் எல்லாருக்கும் பஸ் ஸ்டாண்டில் டிபன் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவள் மட்டும் காப்பி குடித்தாள்.

2021 ஆடியில் ஆறாவது கல் வியர்க்கத் தொடங்கியது. சோற்று வேளை, நடுவயிறு, புளித்த கஞ்சி வாசனை. லட்சுமியம்மாளுக்கு அந்த வாசனையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அன்றே இளவரசனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். கல் அடுத்த நாளும் வியர்த்தது. நான்கு மாதம் கழித்துச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டார்கள், ஒன்றுமில்லை. மூன்றாவது முறை அவர் டாக்டரிடம் கெஞ்சினார். ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள், எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். டாக்டர் அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பலாமா என்று யோசித்துவிட்டு, அப்பா வழியில் மூன்று தலைமுறை என்று குறித்திருந்ததைப் பார்த்து, அதே கட்டடத்தில் மரபணு ஆய்வு செய்துகொண்டிருந்த அறிவுமதி என்ற டாக்டரிடம் அனுப்பினார். அதற்குள் பதினோரு மாதம் ஓடிவிட்டது. இளவரசன் கடைச் சாவியை வேலையாளிடம் கொடுத்துவிட்டு, தனக்கு எங்கே குழி வெட்டுவது என்பது வரை சொல்லி வைத்திருந்தார்.

அறிவுமதிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். திண்டிவனம் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆறு கற்களையும் பார்த்தார், நனைந்த கல்லைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்து, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டார். “என் பேப்பர்ல இதை எழுத முடியாதும்மா, ஆனா நான் பாத்துட்டேன்” என்றார். பிறகு பாயில் உட்கார்ந்து ஒரு பெரிய தாளை விரித்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். முப்பாட்டனிலிருந்து லட்சுமியம்மாள் சொல்லிக்கொண்டே வந்தார். தாள் முழுவதும் கட்டமாகவே இருந்தது. பேனா நின்றது.

“உங்க மாமனாருக்குப் பொம்பளப் பசங்களே இல்லையாம்மா?”

“இருந்தாங்க, ஒருத்தங்க. தளவானூர்ல கட்டிக் குடுத்துட்டாங்க.”

“பேரு?”

லட்சுமியம்மாள் யோசித்தார். தளவானூரார் என்றே முப்பது வருஷம் கூப்பிட்டுப் பழக்கம். கடைசியில் உள்ளே இருந்து பெரியவர் பச்சமுத்துதான் குரல் கொடுத்தார்: “பூங்காவனம்.” எப்படிச் செத்தார் என்று கேட்டதற்கு அல்சர் என்றார்.

“உங்களுக்குப் பொண்ணு?”

“ஒருத்தி கீறா. அனந்தபுரத்துல. அவ வேற வூட்டு ஆளு, வேற சாமி. அவள எதுக்குங்க இதுல இழுக்கறீங்க?”

அறிவுமதி வாதம் செய்யவில்லை. இரண்டு வட்டங்களைப் போட்டு உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டு, இளவரசனிடமும் பச்சமுத்துவிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். ஒன்றரை மாதம் கழித்து, போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை என்று நேரில் வந்தார்.

எண்பத்தொரு வயது பச்சமுத்துவின் ரத்தத்தில் மரபணுவின் ஓர் எழுத்து மாறியிருந்தது. வயிற்றுச் சுவரின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைக்கும் வேலையைச் சொல்லிக் கொடுக்கிற பகுதியில், ஒரே ஓர் எழுத்து. “எனக்கா?” என்று பெரியவர் சிரித்தார். “நேத்துகூட கருவாட்டுக் கொழம்ப ரெண்டு வாட்டி ஊத்திக்கினேம்மா.” சிலருக்கு அது கடைசி வரை சும்மாவே இருந்துவிடும் என்றார் அறிவுமதி. மாறிய எழுத்து அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்தால், பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் வரவும் பாதி வாய்ப்பு, வராமல் போகவும் பாதி வாய்ப்பு. ஆணா பெண்ணா என்று அது பார்க்காது. இன்னொரு சங்கடமும் இருந்தது. எந்த எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று சொல்லும் பட்டியல்கள் பெரும்பாலும் ஜப்பான், கொரியா, ஐரோப்பா ஜனங்களின் ரத்தத்தை வைத்து எழுதப்பட்டவை. இந்தக் குடும்பத்து எழுத்து அதில் ஒரே இடத்தில் இருந்தது. தூர தேசத்தில் இரண்டு பேருக்கு அது இருந்ததாகவும், இருவரும் நன்றாக இருப்பதாகவும் போட்டிருந்தது. “அங்க சும்மா இருக்கறது இங்க சும்மா இருக்கும்னு சொல்ல முடியாது. சாப்பாடு வேற, வயித்துல வாழற கிருமி வேற, கூட இருக்கற மத்த எழுத்தெல்லாம் வேற. நம்ம பக்கம் யாரும் தேடிப் பாக்கவே இல்ல. அதனால இப்போதைக்கு ரிப்போர்ட்ல ‘பொருள் தெரியாதது’ன்னுதான் போட முடியும்” என்றார்.

இளவரசனின் ரத்தத்தில் அந்த எழுத்து மாறவில்லை.

அவர் அதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இருபத்தேழு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. அடுத்த நொடியே கேட்டார்: “அப்ப அந்தக் கல்லு யாருது?”

மணி பன்னிரண்டரை. தோட்டத்தில் கல் வியர்த்துக்கொண்டிருந்தது. லட்சுமியம்மாள் எழுந்து கதவு வரை போனவர், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பட்டினி போட்டேனே,” என்றார். “எம் பொண்ணதானே பட்டினி போட்டேன்.” அறிவுமதிக்கு அது விளங்கவில்லை. இளவரசனுக்கு விளங்கியது, அவர் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அனந்தபுரத்து வீட்டில் வெண்மதி பின்பக்கம் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. சாகப் போகிறவன் தங்கச்சி வீட்டு வாசலில் போய் ஏன் நிற்க வேண்டும் என்று இருந்துவிட்டார். அவளும் வரவில்லை. அண்ணனைப் பார்த்தால் அழுகை வருகிறது என்று போனில் சொன்னாள். இப்போது பார்த்தால் ஜாக்கெட் தோளில் தொங்கியது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். கேஸ்தான், பிங்க் டானிக் குடித்தால் சரியாகிவிடும் என்றாள். எத்தனை நாளாக என்று மறுபடி கேட்டார்.

“போன வருஷம் ஆடிலேர்ந்து. மதியத்துல மட்டும்தான். சோறு எறங்க மாட்டேங்குது.”

வெண்மதியின் மாமியார் விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போய், எங்க வூட்ல அந்த வியாதியே கெடையாது, எங்க பரம்பரையில யாருக்கும் வந்ததில்ல என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. வெண்மதி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சண்டை போடவில்லை, குற்றம் சொல்லவில்லை. உண்மையாகவே குழப்பத்தோடுதான் கேட்டாள்.

“நான் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டனே அண்ணா. அந்த வூட்ல எனக்கு ஒன்னும் கெடையாதுன்னு.”

இளவரசன் அங்கேயே துணி துவைக்கிற இடத்தில் ஈரத்தில் உட்கார்ந்து அழுதார். நாற்பத்து மூன்று வயது ஆம்பிளை அழுவதைப் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்தார்கள். தன் வயிற்றில் மூன்று முறை குழாய் விட்டுத் தேடிய பதினோரு மாதமும் இவள் இங்கே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள் என்பதை நினைத்து அழுதார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் தனக்கு வந்த அந்த ஒரு நொடி சந்தோஷத்துக்காகவும் அழுதார். அதற்காக அவர் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை. விநாயகம்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். “கையெழுத்தாவது மண்ணாவது. கெளம்பு மொதல்ல” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

வெண்மதியின் ரத்தத்தில் அந்த எழுத்து மாறித்தான் இருந்தது. ஆனால் குழாய் விட்டுப் பார்த்ததில் வயிறு சுத்தமாக இருந்தது. இந்த வகைப் புற்று கட்டியாகக் கண்ணுக்குத் தெரியாது, வயிற்றின் உள்தோலுக்கு அடியில் விதை தூவின மாதிரி ஒளிந்திருக்கும் என்றார் அறிவுமதி. அப்படியானால் வயிற்றையே எடுத்துவிடுங்கள் என்றார் இளவரசன். அறுவை டாக்டர்கள் அறிக்கையைக் காட்டினார்கள். பொருள் தெரியாத ஓர் எழுத்துக்காக நாற்பது வயதுப் பெண்ணின் வயிற்றை எப்படி எடுப்பது என்றார்கள். நியாயமான கேள்விதான். அதற்குள் செஞ்சியில் கல் உச்சிப்பொழுதில் மட்டுமில்லாமல் காலையிலும் வியர்க்கத் தொடங்கிவிட்டது. லட்சுமியம்மாள் துணி வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்தால் நிற்கும் என்று இல்லை. வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அறிவுமதி தாளில் வெறுமையாக விட்டிருந்த இன்னொரு வட்டத்தைத் தேடித் தளவானூருக்குப் போனார். செத்துப்போன பூங்காவனத்தின் மகன் விமல்ராஜ் அங்கே பயிர் வைத்திருந்தார், ஐம்பது வயது. மூன்று மாதமாகச் சோறு பிடிக்காமல் கிடந்தார், எங்கள் அப்பா பக்கத்தில் எல்லாருக்கும் வயிறு திடமாயிற்றே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கல் நின்றது. குகைக்கோயில் மலையிலிருந்து அவருடைய பன்னிரண்டாவது வயதில் வந்ததாம். அது என்ன கல் என்று கேட்டதற்கு, சும்மா கல்லுதாம்மா, துணி தொவைக்க வசதியா கீது என்று அவர் மனைவி சொன்னார். நாற்பது வருஷமாக அதில் துவைத்துத் துவைத்து மேல்பக்கம் வழுவழுவென்று ஆகியிருந்தது. கொஞ்ச நாளாக அது எப்போதும் ஈரமாகவே இருப்பதை அவர்கள் சோப்புத் தண்ணீர் என்று நினைத்திருந்தார்கள்.

விமல்ராஜின் ரத்தத்தில் அதே எழுத்து மாறியிருந்தது. வயிறு முழுவதும் நோய் பரவியிருந்தது. அதை வைத்துத்தான் அறிவுமதி அந்த எழுத்தின் பொருளை அழித்து எழுத வைத்தார். பெண் வழியாகவும் இறங்கியிருக்கிறது, இறங்கிய இடத்தில் நோயும் இருக்கிறது என்று காட்டினார். தூர தேசத்தில் அந்த எழுத்துக்கு என்ன பொருளோ, இந்த மண்ணில் இதுதான் பொருள் என்று வாதாடினார். செஞ்சியில் பெயரில்லாத தம்பியின் கணக்கில் நின்ற கல் பூங்காவனத்துடையது என்பதும் இதில்தான் தெரிந்தது. வெண்மதியின் வயிற்றிலிருந்து இந்த முறை முப்பது துணுக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டில் இருந்தது. கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை அவளுடைய வயிற்றை முழுவதுமாக எடுத்தார்கள். எடுத்த வயிற்றில் ஒன்பது இடங்களில் விதை இருந்தது, ஒன்றுகூடச் சுவரைத் தாண்டியிருக்கவில்லை. அன்று மதியம் லட்சுமியம்மாள் கல்லைத் துடைக்கப் போனபோது துணி நனையவில்லை. வேறு துணி எடுத்துவந்து துடைத்துப் பார்த்தார். பிறகு கல்லைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்வரை அப்படியே இருந்தார். விமல்ராஜ் பங்குனியில் செத்துப்போனார். வெண்மதி பிழைத்தது அவருடைய ரத்தத்தால் என்று அவர் மனைவியிடம் சொல்ல இளவரசன் போயிருந்தார். அந்தம்மா கேட்டுக்கொண்டார், காப்பி கொடுத்தார். துவைக்கிற கல்லைப் பார்க்காதபடி முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

வயிறு இல்லாமலும் வாழலாம் என்பது அனந்தபுரத்தில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. வெண்மதி நாளைக்கு ஆறு வேளை கைப்பிடியளவு சாப்பிடுகிறாள், மாதம் ஒரு வைட்டமின் ஊசி போட்டுக்கொள்கிறாள், வருஷத்துக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனைக்கும் போகிறாள். அந்த எழுத்து அங்கேயும் கை வைக்கக்கூடியது. வேகமாகச் சாப்பிட்டால் மயக்கம் வரும், அதனால் நிதானமாகச் சாப்பிடுகிறாள். ஒரு வெள்ளிக்கிழமை லட்சுமியம்மாள் செஞ்சியிலிருந்து வந்து, மகளுக்குக் குழைந்த சோற்றைப் பிசைந்து ஆறு வேளையும் தானே ஊட்டினார். அதற்கப்புறம் எல்லா வெள்ளிக்கிழமையும் வருகிறார்.

வயிற்றை எடுத்து இரண்டு மாதத்தில், அந்தத் தையில், இளவரசன் தங்கச்சிக்குப் பொங்கல் சீர் கொண்டு வந்தார். கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, புடவை, வாழைத்தார். இவையெல்லாம் டிராக்டரின் ஓரத்தில் இருந்தன, நடுவில் கல் இருந்தது. கிரேன் சங்கிலியை அறுத்த அதே கல்லை அன்று காலை நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள். தங்கச்சி வூட்டுக்குப் போவலாம் வா என்று இளவரசன் ஒரு வார்த்தை சொன்னதாகவும், அதற்கப்புறம் நெல் மூட்டை கனம்கூட இல்லை என்றும் தூக்கியவர்கள் சொல்கிறார்கள். கல் இருந்த இடத்தில் இருபத்தேழு வருஷம் வெயில் படாத மண் வெளிறிப்போய்க் கிடந்தது. இளவரசன் அதில் கொஞ்ச நேரம் நின்றார். மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அனந்தபுரத்தில் டிராக்டர் நின்றதும் தெருச் சனம் கூடியது. வெண்மதியின் மாமியார் வெளியே வந்து சீர்த்தட்டுகளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், அண்ணன்காரரின் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஆரத்தி கரைத்துக் கொண்டுவந்து, கல்லுக்கும் சேர்த்துச் சுற்றினார். எங்கே வைப்பது என்று கேட்டார்கள். சமையல் கட்டுக்குப் பக்கத்தில் என்றாள் வெண்மதி. தன் பிறந்த வீட்டிலிருந்து தனக்கென்று வந்தது அது ஒன்றுதான் என்று அவள் சொன்னபோது யாராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வெண்மதிக்கு ஒரே மகள், எழில். அந்தப் பொங்கலுக்கு அவளுக்குப் பதினாறு முடிந்திருந்தது. அவள் நடை பழகியது அனந்தபுரத்தில், அப்பா வீட்டில். அவளுக்கென்று ஒன்று கிளம்பியிருந்தால் அது சந்திரகிரியிலிருந்து பஸ் ரோட்டு ஓரமாக இவ்வளவு தூரம் வரவேண்டும், எத்தனை வருஷம் பிடிக்குமோ தெரியாது. கிளம்பாமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. பதினெட்டு ஆனதும் ரத்தம் கொடுத்துப் பார்ப்பதா வேண்டாமா என்பதை அவளேதான் முடிவு செய்ய வேண்டும் என்று அறிவுமதி சொல்லியிருக்கிறார். நான் பாத்துக்கறேம்மா, நீ சாப்புடு என்று எழில் சொல்லிவிட்டாள். காலையில் டவுன் பஸ்ஸில் செஞ்சிக்கு டியூஷன் போகும்போது ஜன்னல் பக்கம்தான் உட்காருகிறாள்.

விநாயகம் ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுக்கிறவர், தன் வீட்டுக்கு மட்டும் சுற்றுச்சுவர் இல்லாமல் வைத்திருந்தார். அந்தச் சித்திரையில் வேலையை ஆரம்பித்து, ஆளோடு ஆளாக நின்று, பதினைந்து நாளில் முடித்தார். செஞ்சி ரோட்டைப் பார்த்த பக்கத்தில் மட்டும் ஆறடி அகலத்துக்குச் சுவர் கிடையாது, கேட்டும் கிடையாது. மேஸ்திரி வீட்டிலேயே சுவர் பாதியில் நிற்கிறதே என்று முதலில் சிலர் கேலி செய்தார்கள். இப்போது அந்த வழியாக ஆடு வருகிறது, கோழி போகிறது, பால்காரர் வண்டியைத் திருப்பிக்கொள்கிறார். அதை அடைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.